இராமநாதபுரம் கடலோரத்தில் சோளச் சாகுபடிக்கு அரசு மானியம் பெறும் வழிமுறை

சாயல்குடியிலிருந்து வடக்கே போகப் போகக் கடற்கரை மணலும் பனங்காடும் முடிந்து கரிசல் தொடங்குகிறது. அங்கிருந்து கடலாடி, முதுகுளத்தூர், கமுதி வரைக்கும் சோளம் வானம் பார்த்தே விளைகிறது. புரட்டாசி மழைக்கு விதைத்துத் தையில் கதிர் அறுப்பது இங்குள்ள வழக்கம். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்வதால், வேறு வழியும் நமக்கு இல்லை.

மானியத்தின் காலக்கணக்கோ மழையோடு ஒத்துப்போவதில்லை. அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இவ்வளவு விதை, இவ்வளவு பரப்பு என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இலக்கு பிரித்துத் தரப்படுகிறது. முன்பதிவு செய்து ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பவர்களுக்கு அது முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மழை விழுந்து, ஏர் பூட்டிய பிறகு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகிறவர் பல ஆண்டுகளில் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியைத் திட்டங்களின் பெயர் வரிசையில் எழுதாமல், எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

சித்திரை முதல் ஆனி வரை: ஆவணங்கள்

மானியம் எதுவானாலும் கேட்கப்படுபவை ஏறத்தாழ ஒன்றே. பட்டா அல்லது சிட்டா, அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு), ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், கைபேசி எண், புகைப்படம், சிறு குறு விவசாயியாக இருந்தால் அதற்கான சான்று, ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராக இருந்தால் சாதிச் சான்று ஆகியவை அவை. இந்தப் பட்டியலைப் பார்க்க எளிதாகத் தோன்றும். நம் ஊர்களில் மானியம் தவறிப்போவது பெரும்பாலும் இதன் முதல் வரியிலேயே நடக்கிறது.

எங்கள் குடும்பத்துப் புன்செய் நீண்ட காலம் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. உழுததும் விதைத்ததும் என் தந்தையார், பட்டாவில் இருந்ததோ மறைந்துவிட்டவரின் பெயர். சித்தப்பா ஒருவர் வளைகுடா நாட்டில் இருந்ததால் அவருடைய கையெழுத்து கிடைக்க இரண்டு பருவங்கள் ஆயின. அந்த இரண்டு பருவங்களிலும் மானிய விதையும் இல்லை, காப்பீடும் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் முழுவதும் வெளிநாட்டில் பிழைப்போர் இல்லாத வீடு குறைவு என்பதால், இதே சிக்கல் பல குடும்பங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால், வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறையில் வரும் நாளைக் கணக்கிட்டு, இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, அவர் ஊரில் இருக்கும்போதே பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வாரிசுச் சான்றில் பெண்மக்களின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதை விட்டுவிட்டுக் கொடுத்த விண்ணப்பம் பின்னர் திரும்பி வரும்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா பெறுவதே நிலையான தீர்வு. அதற்குப் பாகப்பிரிவினை ஆவணமும், நில அளவரின் அளவீடும் தேவைப்படும் என்பதால் ஒரு கோடைக்குள் முடியாமலும் போகலாம். அதுவரை, உங்கள் அனுபோகத்தில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடும், மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதத்தோடும் காட்டலாமா என்று உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவர்களும் இதே கேள்வியை இப்போதே கேட்டு வைப்பது நல்லது. நில உரிமையாளரின் ஒப்புதலை வாய்மொழியில் பெற்றுக்கொண்டு ஐப்பசியில் கையெழுத்துக்கு அலைவதை விட, சித்திரையில் தாளில் பெறுவது எளிது.

அடங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடங்கல் எழுதப்படும் வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1 அன்று தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 1435-ஆம் பசலி. போன ஆண்டு எடுத்த அடங்கல் இந்த ஆண்டுப் பயிருக்குச் செல்லாது. விதைத்தபின் உங்கள் புல எண்ணுக்கு நேரே சோளம் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சோளத்தோடு தட்டைப்பயறோ உளுந்தோ கலந்து விதைப்பவர்கள், இரண்டு பயிரின் பெயரும் பரப்பும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மேலும், சோளமும் மக்காச்சோளமும் வெவ்வேறு பயிர்கள், வெவ்வேறு திட்டங்கள். பேச்சு வழக்கில் இரண்டையும் சோளம் என்று சொல்லிவிடுவதால் கணினியில் பதிபவர் தவறான பயிரைத் தேர்ந்தெடுத்துவிடுவது உண்டு. ரசீது கைக்கு வந்தவுடன் பயிரின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

வங்கிக் கணக்கில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மானியம் நேரடியாக வரவு வைக்கப்படும்போது, பல கணக்குகள் வைத்திருப்பவருக்கு, அவருடைய ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிலேயே அது போய் விழக்கூடும். நீங்கள் ஒரு வங்கியின் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பணம் மகளிர் குழுவுக்காகவோ சமையல் எரிவாயுவுக்காகவோ தொடங்கிய இன்னொரு கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு இணைந்துள்ளது என்பதை வங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இரண்டு ஆண்டுகள் எந்த வரவு செலவும் நீங்கள் செய்யாத கணக்கு முடங்கிப்போகும். நூறு ரூபாயாவது போட்டு எடுத்து அதை உயிரோடு வைத்திருங்கள்.

2025-ஆம் ஆண்டு முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி தமிழ்நாட்டில் நடந்து வருகிறது. ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி, சிட்டா ஆகியவற்றோடு போனால் இ-சேவை மையத்திலும் முகாம்களிலும் பதிந்து தருகிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் கிசான் சம்மான் நிதிக்கும் பிற திட்டங்களுக்கும் இதுவே அடிப்படையாகி வருவதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி என்பது பொதுவான அளவு. இதற்கான சான்றை வட்டாட்சியர் வழங்குகிறார், விண்ணப்பம் இ-சேவை மையத்தில்.

இதே மாதங்களில் மண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். கடலோர நிலத்தில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். சோளம் உப்பை ஓரளவு தாங்கும் பயிர், நெல்லை விட நன்றாகவே தாங்கும். வாலிநோக்கம், மாரியூர் பக்கத்துத் தாழ்வான நிலங்களில் நெல் கருகும் இடத்தில் சோளத்தை நினைப்பதற்கு அது நல்ல காரணம். ஆனால் உப்பு நிலம் வேறு, சோடியம் ஏறிய களர் நிலம் வேறு. உப்பு மிகுந்த நிலத்தில் மழைநீரைத் தேக்கி உப்பை அடியில் இறக்கி வடிப்பதே வழி. களர்த்தன்மை உள்ள நிலத்துக்குத்தான் ஜிப்சம் பயன்படும். மானியத்தில் கிடைக்கிறதே என்று பரிசோதனை இல்லாமல் ஜிப்சம் வாங்கிப் போடுவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும். மண் மாதிரி முடிவில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் களர், மின்கடத்துத் திறன் 4-க்கு மேல் இருந்தால் உப்பு என்று பொதுவாகக் கொள்ளலாம். இராமநாதபுரத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இத்தகைய நிலங்களுக்கென்றே இயங்குகிறது. ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது.

கோடை உழவு

2025-26-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கையில், மானாவாரி நிலங்களில் கோடை உழவு செய்ய ஹெக்டேருக்கு 2,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 800 ரூபாய் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நம்மைப் போன்ற கரிசல் விவசாயிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் உதவி இது. சித்திரை மழையில் உழுதுவிட்டால் மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். உழுவதற்கு முன்பே பெயரைப் பதிந்துகொண்டு, உழுதபின் உதவி வேளாண்மை அலுவலரிடம் வயலைக் காட்டுவதும், டிராக்டர் வாடகை ரசீதை வைத்திருப்பதும் நல்ல வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதைப் பங்குனியிலேயே விசாரித்துவிடுங்கள்.

நிலம் சீமைக்கருவேல் அடர்ந்து தரிசாகவே கிடந்தால் கோடை உழவுத் தொகை போதாது. அதற்கு 2021-22-இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. அருகருகே உள்ள தரிசு நிலங்களைச் சுமார் 10 முதல் 15 ஏக்கர் கொண்ட ஒரே தொகுப்பாகச் சேர்த்து, புதர் அகற்றிப் பயிருக்குக் கொண்டுவருவது அதன் ஒரு கூறு. தனி ஒருவர் விண்ணப்பித்து ஆவதில்லை. பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி, புல எண்களைச் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊராட்சி எந்த ஆண்டுப் பட்டியலில் வருகிறது என்பதையும் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆடி, ஆவணி: விதையும் இடுபொருளும்

மத்திய அரசின் தேசிய உணவுப் பாதுகாப்பு மற்றும் ஊட்டச்சத்து இயக்கமும், மாநில அரசு 2023-24-இல் தொடங்கிய தமிழ்நாடு சிறுதானிய இயக்கமும் சோளத்துக்கான உதவியின் இரண்டு வாய்க்கால்கள். சான்று பெற்ற விதைக்குப் பொதுவாக விலையில் பாதி மானியமாகக் கழிக்கப்படுகிறது, கிலோவுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. பத்து ஆண்டுகளுக்குள் வெளியான ரகங்களுக்கு முன்னுரிமையும் கூடுதல் மானியமும் தரப்படுவது இத்திட்டங்களின் பொதுவிதி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 8, கே 12, கோயம்புத்தூரின் கோ 30, கோ 32 ஆகியவை விவசாயிகளுக்குத் தெரிந்த ரகங்கள். இவற்றில் கோ 32 ரகம் 2020-இல் வெளியானது என்பதால், ரகத்தின் வயதைப் பார்க்கும் விதியில் அது பொருந்தும். தெற்குக் கரிசலுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை கோவில்பட்டி ரகங்கள் என்பதால், மானியம் சற்றுக் குறைந்தாலும் மானாவாரிக்கு அவற்றையே நான் விரும்புவேன். விரிவாக்க மையத்தில் இருப்பு என்ன என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

இருங்குச்சோளம் போன்ற நாட்டுச் சோளத்தை வீட்டு விதையிலிருந்து விதைப்பவர்களுக்கு விதை மானியம் கிடைக்காது. மானியம் சான்று விதைக்கு மட்டுமே. அதற்காக நாட்டு விதையைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு ஏக்கரில் நாட்டுச் சோளத்தையும் மீதியில் மானிய விதையையும் போட்டுப் பார்க்கலாம்.

மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 15 கிலோ விதை என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை, ஏக்கருக்கு 6 கிலோ. அதற்கு மேல் கேட்டுப் பதிந்தால் பரப்புக்கும் விதைக்கும் கணக்கு இடித்து விண்ணப்பம் தேங்கும். பையில் தைக்கப்பட்டுள்ள நீலநிற அட்டை சான்று விதைக்கு அடையாளம். குறைந்தது 75 சதவீத முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது சோளத்துக்கான தரம். சான்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்துங்கள், முளைப்பு பொய்த்தால் முறையிட அவையே சான்று. உயிர் உரங்களும் நுண்ணூட்டக் கலவையும் பெரும்பாலும் அதே மையத்தில் மானியத்தில் கிடைக்கும். விதையோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிட்டால் இரண்டாவது பயணம் மிச்சம்.

முன்பதிவுக்கு 2018-இல் அறிமுகமான உழவன் செயலி போதும். அதில் இடுபொருள் முன்பதிவும், மானியத் திட்டங்களின் பட்டியலும், காப்பீட்டு விவரமும் இருக்கின்றன. செயலி கையாள வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு பதியலாம், அல்லது உதவி வேளாண்மை அலுவலரிடமே விவரங்களைக் கொடுக்கலாம். எவ்வழியில் பதிந்தாலும் பதிவு எண்ணை எழுதி வையுங்கள்.

இதனோடு தொகுப்புச் செயல்விளக்கத் திடல் என்ற ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். அருகருகே உள்ள பல வயல்களைத் தொகுத்து, விதை முதல் உயிர் உரம் வரை ஒரு தொகுப்பாக வழங்கி, பரிந்துரைத்த முறையில் பயிர் செய்யச் சொல்வார்கள். விதை மானியத்தை மட்டும் பெறுவதை விட இதில் உதவி அதிகம். ஆனால் வரிசை விதைப்பு, விதை நேர்த்தி ஆகியவற்றைச் சொன்னபடி செய்து காட்ட வேண்டும். மழைக்கு முன் புழுதியில் விதைப்பவர்கள், லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால், முளைத்தபின் வரும் வறட்சியைப் பயிர் ஓரளவு தாங்கும். இது செலவு மிகக் குறைவான வேலை, மானியம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: பயிர்க் காப்பீடு

மானாவாரிச் சோளத்துக்கு அரசு தரும் உதவிகளில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், விதையையோ கருவியையோ சொல்ல மாட்டேன், காப்பீட்டைத்தான் சொல்வேன். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி எனும் குளிர்காலப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே, காரீப் எனும் தென்மேற்குப் பருவமழைக் காலப் பயிருக்கு 2 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நம் பங்கு 180 ரூபாய். 2020 முதல் கடன் பெற்றவர்களுக்கும் இது விருப்பத்தின் பேரில்தான் என்பதால், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியதனாலேயே காப்பீடும் ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பருவத்துக்கான அறிவிக்கையில் உங்கள் வருவாய்க் கிராமமோ, பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டமோ சோளத்துக்கு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது. இடம்பெறாத ஊருக்குப் பணம் கட்ட முடியாது. இடம்பெற்றிருந்தால், சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் விதைப்புச் சான்று அல்லது அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, பொதுச் சேவை மையத்திலோ, வங்கியிலோ பதியலாம். கடைசி நாளில் சர்வர் திணறி வரிசை தெருவுக்கு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். பத்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஒரே புல எண்ணை நெல்லுக்கும் சோளத்துக்கும் இரண்டு முறை பதிந்துவிடாமல் இருப்பதும் முக்கியம்.

இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்திருந்தால் பிற்காலத்து மனக்கசப்பு குறையும். இது பரப்பு அடிப்படையிலான காப்பீடு. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி விளைச்சலைக் கொண்டு உத்தரவாத மகசூல் ஒன்றை நிர்ணயிக்கிறார்கள். பிறகு உங்கள் குறுவட்டத்திலோ கிராமத்திலோ குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்த ஆண்டின் சராசரியை அதனோடு ஒப்பிடுகிறார்கள். குறைந்தால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப அப்பரப்பில் பதிந்த எல்லாருக்கும் இழப்பீடு. உங்கள் வயல் மட்டும் காய்ந்து, சுற்றுவட்டாரம் விளைந்திருந்தால் வறட்சிக்கு இழப்பீடு வராது. அதனால்தான் பரிசோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் உடனிருந்து, அது சோள வயலில்தான் நடக்கிறதா, எடை சரியாகக் குறிக்கப்படுகிறதா என்று பார்ப்பது ஒவ்வொருவருடைய உரிமையும் கடமையும் ஆகிறது.

மழையே பெய்யாமல் ஓர் அறிவிக்கைப் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், விதைப்புப் பொய்த்தல் என்ற பிரிவில் காப்பீட்டுத் தொகையின் 25 சதவீதம் தரப்பட்டு அந்தப் பருவக் காப்பீடு முடிந்துவிடும். வெள்ளத்தில் மூழ்குதல், மின்னல் தீ போன்ற தனி வயல் பாதிப்புக்கு மட்டும் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் அல்லது பயிர்க் காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும். கண்மாய் உடைந்து வயலில் தண்ணீர் நின்றால் அன்றே படம் எடுத்துப் பதிந்துவிடுங்கள். ஆய்வு முடியும் வரை வயலில் ஆடுமாடுகளை இறக்க வேண்டாம். வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாடுகளை எப்போதுமே விடக்கூடாது, அப்போது பயிரில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். பயிரையும் இழந்து கறவை மாட்டையும் இழந்த வீடுகள் உண்டு.

கருவிகள்

வேளாண் கருவிகளுக்கான மானியத்தை வேளாண்மைத் துறையிடம் கேட்கக் கூடாது, வேளாண்மைப் பொறியியல் துறையிடம் கேட்க வேண்டும். பவர் டில்லர், சுழல் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றுக்குச் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் பிறருக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு, ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு வேறு. ஆதிதிராவிட, பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு மாநில அரசு மேலும் 20 சதவீதம் சேர்த்து வழங்குகிறது. ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் கருவியை வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது. மூன்று ஏக்கர் சோளத்துக்காக யாரும் சொந்தக் கதிரடி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியே வாடகைக்குப் பெறலாம், அது போதும்.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்து தண்ணீர் நல்லதாக இருந்தால் தெளிப்புநீர்க் கருவிக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் பிறருக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. கடலை ஒட்டிய ஊர்களில் தண்ணீரைப் பரிசோதிக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தை, மாசி: விற்பனை

சோளத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, 2025-26-இல் குவிண்டாலுக்குக் கலப்பினச் சோளம் 3,699 ரூபாய், மால்தண்டி ரகம் 3,749 ரூபாய். களத்துமேட்டுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலையை அந்தந்த ஆண்டின் ஆதரவு விலையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். பரமக்குடி, கமுதி, இராமநாதபுரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் அன்றைய ஏல நிலவரத்தையும், இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியையும் விசாரித்துவிட்டு விற்கலாம். தானியத்தை 12 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்தால்தான் இருப்பு வைக்க முடியும். தட்டையைப் படப்பு போட்டு வைத்தால் கோடையில் அதுவே ஒரு வருமானம். அதை நறுக்கும் கருவிக்குக் கால்நடை பராமரிப்புத் துறையில் தனியே கேட்க வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ, பணம் வராமல் நின்றாலோ, முதலில் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். அங்கே தீராததை மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். பதிவு எண், ரசீது நகல், புல எண், தேதி ஆகிய நான்கும் மனுவில் இருக்கட்டும். மனு பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி, விதை அட்டையும் காப்பீட்டு ரசீதும் இருக்கும் அதே உறையில் வைத்துவிட்டு, அடுத்த பங்குனியில் அந்த உறையை எடுத்துக்கொண்டே விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.